குர்லாக் கல்லுக்குள் ஓர் அமைதி

காலை ஒன்பது மணிக்குக் குர்லா ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றவர்களுக்கு இரைச்சல் என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை. மத்திய ரயில்வேயின் பிரதானத் தடமும் ஹார்பர் தடமும் கூடும் இடம் அது. ஒரு பக்கம் தாணேயிலிருந்து வரும் கூட்டம், மறுபக்கம் செம்பூர், மான்கூர்து வழியே வரும் கூட்டம். கீழே ஆட்டோக்களின் ஒலிப்பான்கள், மேலே விமானங்கள். சற்றுத் தொலைவில் உள்ள லோகமான்ய திலகர் முனையத்தில் தென்னாட்டு ரயில்களிலிருந்து இறங்கும் நம்மவர்கள் இந்த நகரத்தில் முதலில் கேட்பது இந்த ஓசையைத்தான். ஆண்டுகள் சில சென்றபின் அது காதில் விழுவதே இல்லை. உடம்பு மட்டும் அதை நாள்தோறும் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இந்த இரைச்சலிலிருந்து ஒரு நாள் விடுபட வேண்டுமென்றால் மும்பைவாசிகளின் நினைவுக்கு வருபவை லோனாவாலாவும் மாத்தேரானும். அவற்றுக்கு விடுமுறை வேண்டும், விடுதி வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். ஆனால் உள்ளூர் ரயில் சீட்டு ஒன்றின் செலவில், அரை நாளில், சென்று திரும்பக்கூடிய ஓரிடம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. தென்மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்னும் அருங்காட்சியகமே அது. 1998 வரை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்றிருந்தது. டாக்சி ஓட்டுநர்களுக்கு இன்றும் வெறும் ‘மியூசியம்’தான்.

அங்கே போகலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது, எங்கள் குடியிருப்பிலுள்ள அண்ணாச்சி ஒருவரையும் உடன் அழைத்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். குர்லாவிலிருந்த மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் லேத் இயந்திரத்தில் நின்றவர். மனைவியை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் வீட்டுத் தொலைக்காட்சி காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்காக அன்று, அதை நிறுத்தினால் வீட்டில் கவியும் நிசப்தத்தை அவரால் தாங்க இயலவில்லை.

“மியூசியத்துல நமக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போற இடம். அதுவும் அமைதியா இருக்கும்னு சொல்றீங்க. அமைதிதான் என் வீட்லயே இருக்குதே” என்றார் அவர்.

அந்தச் சொல் எங்களைச் சற்று நிறுத்தியது. இரைச்சலில் களைத்தவர்களுக்கு அமைதி ஒரு வரம். தனிமையில் இருப்பவர்களுக்கு அதுவே ஒரு சுமை. அருங்காட்சியகத்தின் அமைதி இவ்விரண்டில் எந்த வகை என்னும் கேள்வியுடனேயே அன்று புறப்பட்டோம்.

நூறாண்டு கண்ட மின்தடம்

குர்லாவிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. தாதர் வழியே செல்லும் பிரதானத் தடம் ஒன்று; வடாலா, சிவ்ரி வழியே செல்லும் ஹார்பர் தடம் மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். காரணம் உண்டு. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று, அப்போது விக்டோரியா முனையம் எனப்பட்ட நிலையத்திலிருந்து இந்தத் தடத்தில்தான் ஓடியது. அது வந்து சேர்ந்த இடம் நமது குர்லா. நாள்தோறும் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்யும் பாதைக்கு இப்படி ஒரு பெருமை இருப்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

வழியில் வரும் சிவ்ரி நிலையமும் நம் பயணத்தோடு தொடர்புடையது. அருங்காட்சியகக் கட்டடத்தை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் உறங்குவது சிவ்ரிக் கல்லறைத் தோட்டத்தில். ஸ்காட்லாந்தில் 1878-இல் பிறந்து, கட்டடக் கலைஞராக பம்பாய்க்கு வந்து, இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் கேட்வே ஆஃப் இந்தியாவையும் வடிவமைத்தவர் அவர். 1926-இல் இந்நகரிலேயே காலமானார்.

முனையத்தில் இறங்கி தாதாபாய் நௌரோஜி சாலை வழியே ஹுதாத்மா சௌக் வரை நடந்து, அங்கிருந்து மகாத்மா காந்தி சாலையில் காலா கோடா நோக்கித் திரும்பினால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். முதியவர்கள் பேருந்திலோ டாக்சியிலோ செல்லலாம். அண்ணாச்சி நடக்கவே விரும்பினார். வேலைக்கு ஓடும் கூட்டத்தின் எதிர்த்திசையில், எந்த அவசரமும் இன்றி நடப்பதே ஒரு விடுமுறைதான்.

சுவரில் இருப்பது நம் ஊர்

வாயிலைக் கடந்ததும் தோட்டம். பனைவகை மரங்களும் பூம்பாத்திகளும். அதன் நடுவே மூன்று அடுக்குகளாக எழுந்து நிற்கிறது கட்டடம். உச்சியில் பெரிய குவிமாடம், அதைச் சூழ்ந்து சிறு மாடங்கள். பீஜப்பூர், கோல்கொண்டா ஆகிய தக்காணத் தலைநகரங்களின் கட்டடக் கலையை ஊன்றிப் பயின்று விட்டெட் இந்த வடிவத்தை உருவாக்கினார். உள்ளே நடுக்கூடத்தில், 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மராட்டிய மாளிகை ஒன்றின் மரத்தூண்களும் கைப்பிடிகளும் மாடமும் பொருத்தப்பட்டுள்ளன. ஆங்கிலேய ஆட்சிக் காலத்துக் கட்டடத்துக்குள் ஒரு பழைய ‘வாடா’ குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த அருங்காட்சியகத்துக்கு 1905 நவம்பர் 11 அன்று, பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1914-இல் கட்டடம் நிறைவுற்றது. ஆனால் கலைப்பொருள்கள் உடனே வந்து சேரவில்லை. முதல் உலகப்போர் மூண்டதால் கட்டடம் இராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்டது. பொதுமக்களுக்கு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது 1922 ஜனவரி 10 அன்றுதான். சிற்பங்கள் குடிபுகுமுன் காயம்பட்ட போர்வீரர்கள் இந்தக் கூரையின் கீழ் ஓய்வு கொண்டார்கள். களைத்தவர்களுக்கு இடம் கொடுப்பது இந்தக் கட்டடத்துக்குப் புதிதன்று.

படியேறுமுன் அண்ணாச்சியிடம் வெளிச்சுவரைக் காட்டினோம். இரண்டு வகைக் கற்களால் ஆன சுவர் அது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருப்பது மாலாடிலிருந்து வந்த கல். சாம்பல் நிறத்தில் இருப்பது குர்லாவில் வெட்டியெடுக்கப்பட்ட எரிமலைக் கருங்கல்.

அவர் நம்பவில்லை. “நம்ம குர்லாவா?” என்று கேட்டுவிட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். சில நொடிகள் எடுக்கவேயில்லை.

குர்லா என்றவுடன் இன்று நமக்கு நினைவில் எழுவது நெரிசலும் மித்தி ஆற்றின் வெள்ளமும்தான். ஆனால் ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயர் கட்டடக் கலைஞர்களின் குறிப்பேடுகளில் ஒரு கல்லின் பெயராக இருந்தது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டும் குர்லாக் கல்லால் எழுந்ததே.

அந்தக் கல்லின் பிறப்பு இன்னும் பழமையானது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் தொடர்ந்து வெடித்த எரிமலைகளின் குழம்பு, படிவு படிவாகப் பரவி இறுகியது. மேற்கு இந்தியாவின் பெரும்பகுதி நிற்பது அந்தப் பாறையின்மேல்தான். எல்லோராவைக் குடைந்த சிற்பிகளும், மும்பைத் துறைமுகத்துக்கு அப்பால் எலிபெண்டாத் தீவைக் குடைந்த சிற்பிகளும் உளி வைத்தது இதே எரிமலைப் பாறையில். ஆகவே, குர்லாக் கல்லால் ஆன சுவர்களுக்குள் எலிபெண்டாச் சிற்பங்கள் இருக்கின்றன என்றால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மீண்டும் கூடியிருக்கின்றன என்றே கொள்ளலாம்.

உடைந்தவை உணர்த்தும் நிறைவு

சிற்பக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது வெப்பம்; அடுத்து மாறுவது ஓசை. கனத்த கற்சுவர்களும் உயர்ந்த கூரையும் இரண்டையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. சாலையின் ஒலிப்பான் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த ஊரில் ஒலிப்பது போலக் கேட்கிறது.

எலிபெண்டாவிலிருந்து வந்த 6-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இங்கே உள்ளன. அவற்றுள் பிரமனும் மகிடாசுரமர்த்தினியும் குறிப்பிடத்தக்கவை. காலமும் மனிதர்களும் சிதைத்தது போக எஞ்சிய கற்கள் இவை. இருந்தும் எஞ்சிய பகுதியில் சிற்பியின் திறன் குறையவில்லை. உடலின் ஒரு திருப்பம், தசையின் ஓர் அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டே முழு உருவத்தையும் கண் தானே நிறைவு செய்துகொள்கிறது. விரைந்து கடப்பவர்களுக்கு இவை உடைந்த கற்கள். ஐந்து நிமிடம் நிற்பவர்களுக்கு மட்டுமே இவை உருவங்களாகின்றன.

அருகே, 7-ஆம் நூற்றாண்டின் ஐஹொளேக் கோயிலொன்றின் விதானப் பலகைகள். ஐஹொளே, வாதாபிச் சாளுக்கியர்களின் கோயில் நகரம். வாதாபி என்றதும் தமிழர்களுக்குப் புலிகேசியும் நரசிம்மவர்ம பல்லவனும் நினைவுக்கு வருவார்கள். போர் நினைவுக்கு வரும். அதே சாளுக்கிய நாட்டின் சிற்பிகள், ஹுச்சப்பய்யா கோயிலின் விதானத்துக்காகப் பிரமனையும், அரவணையில் பள்ளிகொண்ட திருமாலையும், உமையுடன் கூடிய சிவனையும் பெரிய மணற்கற் பலகைகளில் செதுக்கினார்கள். வரலாற்றுப் பாடத்தில் பகைவர்களாக அறிமுகமானவர்களின் வழிபாட்டு அறைக்குள் நுழைந்தது போன்ற உணர்வு இங்கே உண்டாகிறது. கோயிலில் கழுத்தை அண்ணாந்து, அரையிருளில் பார்க்க வேண்டிய உருவங்களை இங்கே வெளிச்சத்தில், நேராகப் பார்க்கிறோம்.

மும்பை மண்ணிலேயே கிடைத்த ஒரு சிற்பத்தின் அச்சுப்படியும் இந்த அருங்காட்சியகத்துக்கு உரியது. 1931-இல் பரேலிலிருந்து சிவ்ரிக்குச் சாலை அமைக்கத் தோண்டியபோது, ஏழு உருவங்களாகக் கிளைத்தெழும் சிவனின் மிகப்பெரிய புடைப்புச் சிற்பம் வெளிப்பட்டது. குப்தர் காலப் பிற்பகுதியைச் சேர்ந்த அந்த மூலச்சிற்பம் பரேலில் பாராதேவி கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. அதன் சுதை அச்சே இங்குள்ளது. ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பரேலின் அடியில் அப்படியொரு தெய்வம் உறங்கிக் கிடந்தது என்பதை எண்ணினால், நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் நிலத்தின்மீது ஒரு புதிய மரியாதை பிறக்கிறது.

இன்னொரு சிறு உருவத்தையும் தவறவிடக்கூடாது. இன்று பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தைச் சேர்ந்த மீர்பூர்காஸில், பாழடைந்த பௌத்தத் தூபி ஒன்றை அகழ்ந்தபோது கிடைத்த சுடுமண் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. புத்தரின் உருவங்களோடு, கையில் தாமரை ஏந்தி நிற்கும் அடியவர் ஒருவரின் உருவமும் உண்டு. அவர் பெயர் தெரியாது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளாக ஒரே மலரை ஏந்தியபடி நிற்கிறார்.

கொடி படர்ந்த உடல்

எங்கள் பயணத்தின் நடுப்பகுதி உலோகச் சிற்பங்களின் முன் கழிந்தது. கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவைச் சேர்ந்த பாகுபலியின் செப்புத் திருமேனி இந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. அதே ஊரின் குன்றின்மேல் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட பெருஞ்சிலையை அறியாதவர் இல்லை. இந்தச் சிறு திருமேனி அதனினும் பழமையானது.

சமண மரபில் பாகுபலி, தமையன் பரதனுடன் அரசுக்காகப் போரிட்டு, வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் அதைத் துறந்தவர். துறந்தபின் அசையாமல் நின்று தவம் புரிந்தார். அவர் கால்களிலும் கைகளிலும் கொடிகள் படர்ந்தன. சிற்பி காட்டுவது அந்தக் கொடிகளைத்தான். நிமிர்ந்த உடல், தோளில் புரளும் முடி, தொடையையும் கையையும் சுற்றியேறும் மெல்லிய கொடி. எவ்வளவு காலம் அசையாமல் நின்றார் என்பதைச் சொல்ல சொற்கள் தேவைப்படவில்லை; கொடி ஒன்று போதுமாயிருக்கிறது.

அண்ணாச்சி அதன்முன் நெடுநேரம் நின்றார். வாழ்நாள் முழுவதும் உலோகத்தோடு பழகிய கண்கள் அவை.

“வார்ப்பு பிசிறில்லாம வந்திருக்கு. வார்த்தபிறகு எத்தனை நாள் உக்காந்து ராவியிருப்பான்! மெசின் கிடையாது. அரமும் கையும்தான்” என்றார்.

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறை நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் முறைதான். மண் அச்சை உடைத்து எடுத்தபின் வரும் உருவம் கரடுமுரடாக இருக்கும். அதை அரத்தாலும் உளியாலும் சீர் செய்வதிலேயே பெரும்பொழுது கழியும். கலை வரலாற்று நூல்கள் இந்தத் திருமேனியின் ஆன்மிகத்தைப் பேசும். அண்ணாச்சி அதைச் செய்த கையைப் பார்த்தார். இரண்டு பார்வையும் ஒரே இடத்துக்குத்தான் சென்று சேர்கின்றன என்று எங்களுக்குத் தோன்றியது.

அங்கேயிருந்த இருக்கையில் அமர்ந்து அவர் சொன்னார்: “வீட்ல அமைதியா இருந்தா யாரும் இல்லைன்னு தெரியும். இங்க அமைதியா இருக்கு, ஆனா யாரோ இருக்காங்க.”

காலையில் எழுந்த கேள்விக்கு விடை அதுவே. அருங்காட்சியகத்தின் அமைதி வெறுமையால் உண்டானதன்று. எப்போதோ வாழ்ந்து மறைந்த பல்லாயிரம் கைகளின் உழைப்பு நம்மைச் சூழ்ந்து நிற்கும் அமைதி அது. அங்கே ஒருவர் தனியாக நிற்கலாம், தனிமையில் நிற்பதில்லை.

மங்கிய ஒளியில் ஒரு பஞ்சதந்திரம்

இடைக்காலத்தின் மற்றொரு முகம் சிற்றோவியக் கூடத்தில் இருக்கிறது. இங்கே விளக்கொளி குறைவு. பழைய தாளும் இயற்கை வண்ணங்களும் கடும் ஒளியில் மங்கிவிடும் என்பதே காரணம். அந்த மங்கிய ஒளி பார்ப்பவரின் நடையையும் தானாகவே மெதுவாக்குகிறது.

அக்பரின் ஓவியக்கூடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் உருவான ‘அன்வார்-இ-சுஹைலி’ சுவடியின் ஓவியங்கள் இந்த அருங்காட்சியகத்தின் உடைமைகள். பெயர் பாரசீகமாக இருந்தாலும் கதைகள் நமக்கு அந்நியமல்ல. நம் பாட்டிமார் சொன்ன பஞ்சதந்திரக் கதைகள்தாம் அவை. இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பாரசீகம் சென்று, அரபு மொழியில் தங்கி, மீண்டும் பாரசீகத்தில் புதுவடிவம் பெற்று, அக்பரின் அவைக்குத் திரும்பி வந்தவை. வெளிநாடு சென்ற பிள்ளை பல ஆண்டுகளுக்குப் பின் வேறு உடையில் வீடு திரும்பியது போல.

அக்பர் பெயரால் அறியப்படும் 1581-ஆம் ஆண்டின் மார்புக் கவசமும், 1593-ஆம் ஆண்டின் உருக்குக் கேடயமும்கூட இங்கே இருக்கின்றன. போருக்காகச் செய்த கருவியில் இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி எழவில்லை. “செய்யிறவனுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

கொடுத்தவர்கள்

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட இந்தத் தொகுப்பு எவ்வாறு சேர்ந்தது என்பதும் வாடிக்கையாளர்களாகிய நமக்கு ஆர்வம் தரக்கூடியதே. சேட் புருஷோத்தம் மாவ்ஜியின் தொகுப்பு 1915-இல் வாங்கப்பட்டது. ஜம்சேத்ஜி டாட்டாவின் இளைய மகனாகிய சர் ரத்தன் டாட்டா 1918-இல் மறைந்தார். அவரது கலைத்தொகுப்பு 1921-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்தது. மூத்த மகன் சர் தோராப்ஜி டாட்டாவின் தொகுப்பு 1933-இல் வந்தது.

இங்கும் குர்லாவின் நிழல் விழுகிறது. ஜம்சேத்ஜி 1886-இல் குர்லாவிலிருந்த நலிந்த பருத்தி ஆலை ஒன்றை வாங்கி, அதற்குச் சுதேசி ஆலை என்று பெயரிட்டு நடத்தினார். பல தலைமுறைத் தொழிலாளர்கள் அந்த ஆலையின் சங்கொலிக்கு எழுந்தார்கள். அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் குர்லாவின் உழைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக, சுவரின் கல் மட்டுமன்று, உள்ளே இருக்கும் பொருளும் ஓரளவுக்கு நம் ஊரைத் தொட்டு வந்ததே.

வங்கிப் பெட்டகத்தில் வைக்கும் நகை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. ஓர் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பவர், தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதர்களின் பெயரில் அதை வைக்கிறார். குர்லாவின் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அதன்முன் நிற்கும் நாளில்தான் அந்த வைப்பு உரியவரிடம் சேர்கிறது. ‘நமக்கு அங்கே என்ன வேலை’ என்று நாம் ஒதுங்கி நின்றால், அது உரிமை கோரப்படாத கணக்காகவே கிடக்கும்.

பிற நகரங்களில்

அமைதி நாடி இடைக்காலக் கலையிடம் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கமே. நியூயார்க்கின் வடகோடியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தவாறு, ‘குளோய்ஸ்டர்ஸ்’ என்னும் அருங்காட்சியகம் 1938 முதல் இயங்கி வருகிறது. ஐரோப்பாவின் பழைய துறவுமடங்களின் தூண்களையும் தாழ்வாரங்களையும் கடல் கடந்து கொண்டுவந்து அங்கே நிறுவினார்கள். அதற்குப் பொருளுதவி செய்த ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவர், எதிர்க்கரையின் காட்சியும் கெடாதிருக்க அங்கிருந்த நிலத்தையும் வாங்கிப் பாதுகாத்தார். பெருநகரத்து மனிதனுக்கு மௌனம் ஒரு தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். அங்கே கல் கடல் கடந்து வந்தது. இங்கே நம் ஊரிலிருந்தே வந்தது. வேறுபாடு அவ்வளவே.

தமிழ்நாட்டில் வாழும் வாசகர்களுக்கு, 1851-இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் செப்புத் திருமேனிக் கூடத்தில் சோழர் காலத் திருவாலங்காட்டு நடராசர் முன் அரைமணி நேரம் நின்றவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். தஞ்சை அரண்மனை வளாகத்துக் கலைக்கூடம் 1951 முதல் உள்ளது. ஊர்க்கோயிலுக்குச் சென்று வரும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

முடிந்தால் வேலைநாளின் முற்பகலைத் தேர்ந்துகொள்ளுங்கள்; விடுமுறை நாள்களில் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பயணிகளும் மிகுதியாக இருப்பார்கள். திறக்கும் நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. செம்பூர்வாசிகளுக்கு ஹார்பர் தடம் எளிது. மாட்டுங்காவிலும், சயானையொட்டிய தாராவியிலும் இருப்போருக்குப் பிரதானத் தடம் எளிது.

அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். அது களைப்பையே தரும். ஒரு வருகைக்கு ஒரு கூடம், ஒரு கூடத்தில் மூன்று பொருள்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் விளக்கப் பலகையைப் படிக்காமல் பொருளைப் பாருங்கள். பிறகு படித்துவிட்டு மீண்டும் பாருங்கள். இரண்டாவது பார்வையில் தெரிவது வேறாக இருக்கும்.

பிள்ளைகளை அழைத்துச் சென்றால், சிற்பங்களில் விலங்குகளைத் தேடச் சொல்லுங்கள்: அன்னம், நந்தி, பாம்பு, சிங்கம். எண்ணத் தொடங்கினால் அவர்களே நம்மை இழுத்துச் செல்வார்கள். பொருள்களைத் தொடாதிருக்கப் பழக்குங்கள். நம் விரலின் வியர்வையிலுள்ள உப்பும் எண்ணெயும் கல்லையும் உலோகத்தையும் மெல்ல அரிக்கும். ஒருவர் தொட்டால் தெரியாது, ஆயிரம் பேர் தொட்டால் மூக்கும் விரலும் தேய்ந்துபோகும். முதியவர்களுடன் செல்வோர் இருக்கையைக் கண்ட இடத்திலெல்லாம் அமர்ந்து எழுவது நலம். கைபேசியை ஒலி நிறுத்திப் பையில் வைத்துவிடுங்கள்.

கட்டடத்தையும் ஒரு கலைப்பொருளாகவே பார்க்க வேண்டும். நூற்றாண்டு கண்ட இந்தக் கட்டடத்தைச் சீரமைத்த பணிக்காக, 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதுகளில் உயரிய சிறப்பு விருது கிடைத்தது. மேல்தளத்தின் மரக்கைப்பிடியருகே நின்று குவிமாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழி

மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தோம். மகாத்மா காந்தி சாலையின் ஓசை ஒரே நொடியில் எங்களை எதிர்கொண்டது. நகரம் மாறவில்லை. ஆனால் அதைக் கேட்கும் காதுகள் சிறிது ஓய்வெடுத்திருந்தன.

ரயிலில் அண்ணாச்சிக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. சிவ்ரி கடந்து, வடாலா கடந்து, குருதேக் பகதூர் நகர் வரும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. சூனாபட்டியை நெருங்கும்போது, “கூடம் எத்தனை பாக்கி இருக்கு?” என்று கேட்டார்.

நிறைய இருக்கிறது என்றோம். அப்படியானால் அடுத்த மாதம் ஓய்வூதியம் வந்தபிறகு ஒரு நாள் போகலாம் என்றார். பேத்தியையும் அழைத்துவரப் போகிறாராம். குர்லாவில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு, முதலில் அந்த வெளிச்சுவரைக் காட்ட வேண்டும் என்றார்.